‘கித்தா’ என்று தட்டிய பையனுக்காக ஒரு திறந்த மடல்

தமிழ் மின்னூலகத்தின் தேடுபக்கத்தைப் புதுப்பிக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

பழைய பக்கத்தை மாற்றப் போகிறோம், வாசகர்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்திருந்தீர்கள். சொல்லலாமே என்று படிவத்தைத் திறந்தேன். 200 எழுத்தோடு அது நின்றுவிட்டது. உங்கள் படிவம் கொம்பையும் காலையும் புள்ளியையும் தனித்தனி எழுத்தாக எண்ணுகிறது. அதனால் தமிழில் எழுதுகிறவருக்கு 200 என்பது இருபது, இருபத்தைந்து சொல்தான். வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, பள்ளியைச் சொல்வதற்குள் இடம் தீர்ந்துபோயிற்று. ஆகவே இந்த மடல்.

நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறைப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. பத்தொன்பது ஆண்டாக நூல்நிலையப் பொறுப்பும் என் தலையில்தான். நடுவில் பகுதிநேரமாக நூலக அறிவியல் படித்தேன். அதில் பாதி மறந்துவிட்டது, மீதியை இன்றைக்கு உங்கள் மேல் இறக்கப் போகிறேன். உங்கள் நூலகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. படிக்கிற உங்களுக்குத் தெரியும், ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

போன ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு திட்டப்பணி கொடுத்திருந்தோம். குடும்பம் இந்த ஊருக்கு வந்த கதையை எழுத வேண்டும், குறைந்தது இரண்டு நூல்களையாவது பார்த்திருக்க வேண்டும். ஒரு பையனின் தாத்தா நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பையன் எங்கள் நூல்நிலையக் கணினியில் உட்கார்ந்து, உங்கள் பக்கத்தைத் திறந்து, பாடநூல் சொல்லிக்கொடுத்தபடி ‘ரப்பர்’ என்று தட்டினான்.

“டீச்சர், ரப்பர்னு போட்டா பென்சில் கதை வருது டீச்சர்.”

போய்ப் பார்த்தேன். பென்சிலும் அழிரப்பரும் சண்டை போட்டுக்கொள்ளும் ஒரு சிறுவர் கதைநூல். அது ஒன்றுதான் வந்திருந்தது.

“தாத்தா அந்த மரத்த என்னான்னு சொல்வாரு?”

“கித்தா.”

“அதையே போடு.”

போட்டான். சிவப்பு எழுத்தில் ‘தியாடா ரெக்கோட்’, அதாவது பதிவு இல்லை, என்று வந்தது. தமிழ் நூலகம், தமிழில் கேட்ட கேள்வி, பதில் மட்டும் மலாயில். எனக்கு மலாய் மேல் ஒரு கோபமும் இல்லை. அந்தச் செய்திக்குக் கீழே வேறு எதுவுமே இல்லை என்பதுதான் கோபம். வெள்ளைத் திரை. பையன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். “எங்க தாத்தா வேல செஞ்சது இல்லவே இல்லியாம் டீச்சர்.”

அந்தச் சனிக்கிழமை உங்கள் நூலகத்துக்கே நேரில் போனேன். 894.811 என்று முதுகில் ஒட்டிய அடுக்கு. நூல்களை எண்ணால் பகுக்கும் டியூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு உலகம் முழுக்க அந்த எண்தான். ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினேன். தோட்ட வாழ்க்கையைப் பேசும் நூல்கள் பதினான்கு. நாவல், சிறுகதைத் தொகுப்பு, ஓய்வுபெற்ற கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஒருவர் சொந்தக் காசில் அச்சடித்த நினைவுக்குறிப்பு. ஒன்றில் ‘ரப்பர்’, ஒன்றில் ‘இரப்பர்’, மூத்த நூல் ஒன்றில் ‘றப்பர்’. நான்கில் ‘பால்மரம்’. மூன்றில் ‘கித்தா’. பதினான்கில் ஒன்றின் தலைப்பிலும் இந்தச் சொற்கள் கிடையாது. உங்கள் தேடல் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் மட்டுமே துழாவுகிறது. போதாததற்கு அதில் ஐந்து நூல்களின் தலைப்பு ரோமன் எழுத்தில், மேலே கோடும் கீழே புள்ளியும் வைத்துப் பதியப்பட்டிருக்கிறது. பட்டியலிடுவோருக்கு அது முறையான ஒலிபெயர்ப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோடும் புள்ளியும் எந்தப் பினாங்குக்காரரின் விசைப்பலகையிலும் இல்லை.

ஆக நூல் இருந்தது, பையன் இருந்தான், நடுவில் உங்கள் பெட்டி.

என் தம்பி பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறான். அவனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவனுக்குப் புரியவே இல்லை. அவன் திரையிலும் ஒரு பெட்டிதான். உதிரிப்பாக எண்ணைத் தட்டினால் எந்த ரேக், எந்தத் தட்டு, எத்தனை மிச்சம் என்று வந்துவிடும். “எண்ணு தெரியலன்னா?” என்று கேட்டேன். “எண்ணு தெரியாதவன் ஏன் ஸ்டோருக்கு வர்றான்?” என்றான். ஸ்டோருக்கு அது சரியான பதில்தான். நூலகத்துக்கு வருகிறவன் எண் தெரியாதவன். தெரியாததால்தானே வருகிறான்.

நிக்கலஸ் பெல்கின் என்ற ஆய்வாளர் 1980-களின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டார். ஒருவர் தேட வருவதே அவர் அறிவில் ஒரு ஓட்டை இருப்பதால். அந்த ஓட்டை என்ன வடிவம் என்று அவருக்கே சொல்லத் தெரியாது. ஆனால் தேடல் பெட்டியோ, “உனக்குத் தெரியாததைச் சரியான சொல்லில் சொல்” என்று கேட்கிறது. மருத்துவமனை வாசலில், நோயின் பெயரைச் சரியாக எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்று காவலர் மறிப்பது போல.

உங்கள் அறிவிப்பில், ‘3 விநாடியில் விடை’ என்று பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். பக்கத்திலேயே நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதனின் நான்காம் விதியையும் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள், வாசகரின் நேரத்தைச் சேமி என்று. பார்த்ததும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. சீர்காழியில் 1892-ல் பிறந்த மனிதர், கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர், நம்முடைய ஆள். ஆனால் 1931-ல் நூலகங்களுக்காக அவர் எழுதிய விதிகள் ஐந்து. நீங்கள் நான்காவதை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டீர்கள். மூன்றாவதைக் கொஞ்சம் படியுங்கள்: ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். வாசகர் நூலைத் தேடிப் போவது ஒரு பக்கம் என்றால், நூல் தன் வாசகரைத் தேடி வரவும் வழி வேண்டும். கிராணி ஐயா சொந்தக் காசில் போட்ட புத்தகத்தின் பெயர் எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? அதை யார் தேடல் பெட்டியில் தட்டப் போகிறார்கள்? அந்த நூல்தான் கொஞ்சம் நடந்து வர வேண்டும். அதற்குக் கால் வைத்துக் கொடுப்பது உங்கள் வேலை.

இரங்கநாதனைப் பற்றி இன்னொன்று. லண்டனில் நூலகப் பயிற்சிக்குப் போயிருந்தபோது ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற பிள்ளைகள் விளையாட்டுச் சாமானைப் பார்த்தாராம். நாலு உலோகப் பட்டை, கொஞ்சம் திருகாணி, சக்கரம். அதையே மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டி, பாலம், பாரந்தூக்கி. ஒரு நூலின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாக வைத்துப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. எதைப் பற்றி, என்ன நடக்கிறது, எங்கே, எப்போது என்று தனித்தனி முகங்கள். 1933-ல் கோலன் பகுப்புமுறை வந்தது இப்படித்தான். இன்றைக்கு நீங்கள் லசாடா இணையக் கடையில் காலணி வாங்கும்போது இடப்பக்கத்தில் அளவு, நிறம், விலை என்று தட்டித் தட்டிக் குறைத்துக்கொண்டு வருகிறீர்களே, அந்த யோசனையின் வேர் இங்கே இருக்கிறது. காலணி விற்கிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள், நாம்தான் விட்டுவிட்டோம்.

சதுரக்கோடு போட்ட தாளில் நானே வரைந்து பார்த்தேன். பையன் ‘ரப்பர்’ என்று தட்டுகிறான். திரை முதலில், “அழிரப்பரா? பால்மரமா?” என்று கேட்கட்டும். பால்மரத்தைத் தொட்டதும் பதினான்கு நூலும் வலப்பக்கத்தில் வரட்டும். இடப்பக்கத்தில் இடம் என்று ஒரு பத்தி, அதில் கெடா, பேராக், செபராங் பிறை, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை நூல் என்ற எண். அடுத்து காலம். அடுத்து, கதையா, நினைவுக்குறிப்பா, ஆய்வா, படமா. எண் பக்கத்திலேயே இருப்பதால் எதைத் தொட்டாலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டான். காலம் என்ற பத்தியில் பத்தொன்பதாம் நூற்றாண்டைத் தொட்டால் என்ன ஆகும் தெரியுமா? பால்மரம் மறைந்துபோய்க் கரும்பு வரும். செபராங் பிறையில் பால்மரம் வருவதற்கு முன்னால் கரும்புத் தோட்டங்கள்தான் இருந்தன. நம் ஆட்கள் முதலில் கரும்புக்குத்தான் வந்தார்கள். அவன் தாத்தாவுக்கே அது தெரியாமல் இருக்கலாம். பையன் கேட்காத கேள்விக்கு அவனை அந்தப் பத்தி கூட்டிக்கொண்டு போயிருக்கும். ‘3 விநாடியில் விடை’ அங்கே கூட்டிப் போகாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க மாட்டேன். பத்தி போடுவது சுலபம், பத்தியில் போடச் சரக்கு வேண்டும். உங்கள் பட்டியலில் ‘பொருள்’ என்ற கட்டத்தில் நான் பார்த்த நூல்களில் பெரும்பாலானவற்றுக்குத் ‘தமிழ் இலக்கியம்’ என்று மட்டுமே இருக்கிறது. தமிழ் நூலகத்தில் தமிழ் இலக்கியம் என்று எழுதுவது மீன் கடையில் ‘மீன்’ என்று பலகை வைப்பது போல. ஒவ்வொரு நூலையும் ஒருவர் கையிலெடுத்து, புரட்டி, இடம் காலம் எழுத வேண்டும். அதற்கு மென்பொருள் நிறுவனம் ஆகாது, ஆள் வேண்டும். பினாங்கில் மட்டும் 28 தமிழ்ப்பள்ளி. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர் காலையில் ஒட்டுக்கடையில் தே தாரிக்கோடு நாளிதழை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருக்கிறார்கள்! கூப்பிட்டால் வருவார்கள். ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்க்க 2005-ல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டமும், அதற்கு முன்னால் 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தன்னார்வலர்கள் கையால்தான் எழுந்தன. புதுத் திரைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை இந்த வேலைக்கு எடுத்து வையுங்கள் என்பது என் முதல் வேண்டுகோள். திரையில் ஒரு அசைவுப்படம் குறைந்தால் யாரும் அழ மாட்டார்கள்.

இனி மொழி. இதில் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும், ஏனென்றால் உங்கள் மென்பொருள் ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டை. தமிழுக்குத் தோளில் இறுக்குகிறது.

‘தோட்டம்’ என்று தேடினால் ‘தோட்டத்தில்’ இருக்கும் நூல் வருவதில்லை. ‘மரம்’ என்றால் ‘மரத்தடி’ வருவதில்லை. வேற்றுமை சேரும்போது நம் சொல் உருவமே மாறிவிடுகிறது, வீடு வீட்டுக்குள் போய்விடுகிறது. இதைப் போன முறை நான் எழுதிக் கேட்டபோது, உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் யாரோ ஒரு குறுக்குவழி செய்தார்கள். கடைசி எழுத்தை வெட்டிவிட்டு மீதியை வைத்துத் தேடுவது. ‘தோட்ட’ என்று தொடங்கும் எல்லாம் வந்தது. தோட்டப்புறம் வந்தது, தோட்டத் தொழிலாளர் வந்தார். கூடவே ‘தோட்டா’வும் வந்தது, இரண்டாம் உலகப்போர் நூலோடு. ‘மரம்’ தேடியவருக்கு மரபும் மரணமும் வந்தன. சிரிப்புதான், ஆனால் தமிழ்ச் சொல்லின் வேரை இலக்கணப்படி பிரிக்கும் மென்பொருள் வேலையை இங்கேயும் தமிழ்நாட்டிலும் பலர் ஆண்டுக்கணக்காகச் செய்து வருகிறார்கள். தமிழ் இணைய மாநாடு 2001-லும் 2013-லும் கோலாலம்பூரிலேயே நடந்தது. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். கேட்பதற்கு ஆள் தொலைவில் இல்லை.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத கோளாறு. ‘பௌத்தம்’ என்று தேடிப் பாருங்கள், பிறகு ‘பெளத்தம்’ என்று தேடிப் பாருங்கள். இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி, இரண்டாவதில் ஒற்றைக்கொம்பும் பக்கத்தில் ளகரமும். தட்டச்சு செய்பவர்கள் பாதிப் பேர் இரண்டாவதைத்தான் அடிக்கிறார்கள். உங்கள் கணினிக்கு அவை வேறு வேறு சொல். ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் அடிக்கலாம், இரண்டு குறியாகவும் அடிக்கலாம். ‘ஸ்ரீ’க்கும் யூனிகோடில் இரண்டு வழி. கோயில் வரலாறு தேடுகிற ஊரில் ‘ஸ்ரீ’ தப்பினால் என்ன மிஞ்சும்? இதையெல்லாம் சேர்த்துவைக்க இரண்டு நாள் வேலை போதும் என்று மென்பொருள் தெரிந்த என் பழைய மாணவி சொல்கிறாள். அவள் இரண்டு நாள் என்றால் உங்களுக்கு இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துக் கோளாறை மென்பொருள் தீர்க்கும். வேறு பெயர் என்ற கோளாறை அது தானாகத் தீர்க்காது. ஜார்ஜ்டவுன், ஜோர்ஜ்டவுன். பினாங், பினாங்கு. தண்ணீர்மலை என்று நாம் சொல்லும் இடம் இன்னொரு நூலில் வாட்டர்ஃபால் கோயில், இன்னொன்றில் பாலதண்டாயுதபாணி ஆலயம். ‘கடைத்தெரு’ என்று என் பாட்டி சொன்னது மார்க்கெட் ஸ்திரீட்டை, வரைபடத்தில் அது லெபோ பசார். தமிழ்நாட்டில் செய்த சொற்பட்டியலை வாங்கி மாட்டினால் இவை ஒன்றும் அதில் இருக்காது. கித்தாவும் மங்கும் ஒட்டுப்பாலும் நெரையும் இந்த மண்ணின் சொற்கள். மலாயின் ‘கெத்தா’ நம் வாயில் கித்தா ஆனது. இந்தச் சொல்லடைவை இங்கேதான் செய்ய வேண்டும். பால் வெட்டிய கடைசித் தலைமுறை இன்னும் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

இப்போது அந்த வெள்ளைத் திரை. என் மனத்தில் அதுதான் ஆறாமல் இருக்கிறது.

கணினி வருவதற்கு முன்னால் நூலகத்தில் மர இழுப்பறைகளில் அட்டைகள் இருந்தன, உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ‘கித்தா’ என்று தேடிப் போகிறவருக்கு அந்த அட்டை இல்லாவிட்டாலும் விரல் வெறுமையில் நிற்காது. முன்னால் ‘கிணறு’, பின்னால் ‘கிராணி’. கிராணியா, அது யார் என்று அந்த அட்டையை இழுத்துப் பார்ப்பார். அகரவரிசை தற்செயலாகக் கொடுத்த அன்பளிப்பு அது. உங்கள் பெட்டி அந்த இழுப்பறையைப் பூட்டிவிட்டு ஒரு ஓட்டையை மட்டும் விட்டிருக்கிறது, சரியான அட்டையைச் சொன்னால் வெளியே தள்ளும், இல்லாவிட்டால் தியாடா ரெக்கோட். ‘இல்லை’ என்று சொல்ல வேண்டி வந்தால் சொல்லுங்கள், அதோடு நிறுத்தாதீர்கள். அகரவரிசையில் முன்னும் பின்னும் இருக்கும் ஐந்து சொற்களைக் காட்டுங்கள். ஓசையில் நெருங்கியவற்றைக் காட்டுங்கள். “இந்தச் சொல் எங்களிடம் இல்லை, இதன் பொருளை எங்களுக்குச் சொல்கிறீர்களா?” என்று ஒரு வரி கேளுங்கள். பையன் சொல்லியிருப்பான். அவனுக்குத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது.

தேடுகிறவர் ஒரே கேள்வியோடு வந்து ஒரே விடையோடு போவதும் கிடையாது. மார்சியா பேட்ஸ் என்ற ஆய்வாளர் 1989-ல் இதைக் காட்டில் பழம் பறிப்பதற்கு ஒப்பிட்டார். ஒரு புதரில் இரண்டு, அடுத்த புதரில் நாலு, பறிக்கப் பறிக்க எந்தப் பக்கம் போவது என்பதே மாறிக்கொண்டு வரும். என் மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி வந்த கப்பலின் பெயர் ‘ரஜூலா’ என்று மட்டும் அவளுக்குத் தெரியும். ரஜூலா 1926-லிருந்து 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்த கப்பல். அங்கே தொடங்கினாள். கப்பலில் வந்தவர்களை இறக்கி, நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த புலாவ் ஜெரஜாக் தீவு அகப்பட்டது. அங்கிருந்து அம்மை நோய், அங்கிருந்து கங்காணிகள் ஆள் பிடித்த கதை, 1938-ல் இந்திய அரசு அதை நிறுத்தியது. ஒன்றரை மணி நேரம். மணி அடித்ததும் எழுந்து போனாள். மறுநாள் வந்தபோது எந்த வழியாக அந்தத் தீவுக்குப் போனாள் என்று அவளுக்கும் நினைவில்லை, உங்கள் பக்கத்துக்கும் நினைவில்லை. திரையின் ஓரத்தில் வந்த தடத்தை வைத்துக்கொண்டே வந்தால் என்ன? தட்டிய சொற்கள், திறந்த நூல்கள், பிடித்ததைப் போட்டுவைக்க ஒரு கூடை. வீட்டில் அம்மாவின் கைப்பேசியில் திறந்தாலும் அந்தக் கூடை இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் தடம் என்பதால் அதைப் பூட்டிவைக்கவும் தெரிய வேண்டும், வேண்டாம் என்றால் ஒரே தட்டில் அழிக்கவும் வழி வேண்டும்.

கைப்பேசி என்றதும் ஞாபகம் வந்தது. உங்கள் பக்கம் என் கைப்பேசியில் திறந்தால் தேடல் பொத்தான் திரைக்கு வெளியே போய்விடுகிறது. இதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை, சரி செய்யுங்கள்.

புதுப் பக்கத்தின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்க விடை வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அந்தக் காலம் போய்விட்டது. நூலகம் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று கேட்பவருக்கு அது நல்லதுதான். ஆனால் நான் ஒரு சோதனை செய்து பார்த்தேன். இப்படிப்பட்ட உரையாடல் செயலி ஒன்றிடம், தோட்டத்தில் ‘பெரட்டு’ என்றால் என்ன என்று கேட்டேன். விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுப்பதுதான் பெரட்டு, அதற்கு மணி அடித்ததைத் தாத்தா பாட்டிகள் இன்றும் தூக்கத்தில் கேட்பார்கள். அந்தச் செயலி கொஞ்சமும் தயங்காமல், பெரட்டு என்பது பொய் சொல்லி ஏமாற்றுவது என்று நாலு பத்தி எழுதியது. ‘புரட்டு’ என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. பிள்ளை அதைப் படித்துவிட்டு, தாத்தா காலையில் பெரட்டுக்குப் போனார் என்று எழுதினால் என்ன பொருள் வரும்! தப்பு செய்ததுகூடப் பெரிதில்லை. நூல் அடுக்கில் தப்பு இருந்தால் பக்கத்து நூல் அதை மறுத்துப் பேசும். நாலு பத்தி விடைக்குப் பக்கத்து நூல் கிடையாது. ஆகவே விடையை வைப்பதானால் நூல்களுக்குக் கீழே வையுங்கள். ஒவ்வொரு வரியும் எந்த நூலின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று காட்டட்டும், தட்டினால் அந்தப் பக்கம் திறக்கட்டும். எடுத்துக்காட்ட நூல் இல்லை என்றால் வாயை மூடிக்கொள்ளட்டும். சில நூல்கள் ஒத்துக்கொள்ளாத இடத்தில், ஒத்துக்கொள்ளவில்லை என்றே காட்டட்டும்.

பக்கம் நன்றாக இருக்கிறதா என்று எப்படி அளக்கப் போகிறீர்கள்? எத்தனை விநாடி, எத்தனை தட்டு என்றுதானே? கேரி மார்க்கியோனினி என்ற ஆய்வாளர் 2006-ல் தேடலை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: எடுத்துப் பார்ப்பது, கற்பது, துருவி ஆராய்வது. முதல் வகைக்கு விநாடிக் கணக்கு பொருந்தும், என் தம்பியின் ஸ்டோருக்குப் போல. மற்ற இரண்டுக்கும் அந்த அளவுகோலே தலைகீழ். ரஜூலாவைத் தேடியவள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தது உங்கள் அறிக்கையில் தோல்வியாக விழும். நான் அவளுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். ஆகவே இன்னொரு அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எழுந்து போகும்போது, உட்காரும்போது தெரியாத எத்தனை சொல் அவருக்குத் தெரிகிறது? ஒரு தாளும் பென்சிலும் போதும் இதை அளக்க.

சோதனைக்கு ஆள் தேடி நீங்கள் அலைய வேண்டாம். புதன்கிழமை பள்ளி முடிந்ததும் எங்கள் நூல்நிலையம் ஒன்றரை மணியிலிருந்து மூன்று வரை திறந்திருக்கும். கணினி நான்கு, அதில் மூன்று ஓடும். மின்விசிறி நன்றாகச் சுற்றும். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பத்துப் பேரை நான் உட்கார வைக்கிறேன். அவர்களுடைய தாத்தா பாட்டிகளில் வர முடிந்தவர்களையும் கூப்பிடுகிறேன், அவர்களுக்குத் தேநீரும் உளுந்து வடையும் என் பொறுப்பு. நீங்கள் உங்கள் மாதிரித் திரையை எடுத்துக்கொண்டு வந்து பின்னால் ஒரு நாற்காலியில் உட்காருங்கள். ஒரே ஒரு நிபந்தனை. பிள்ளை திணறும்போது, “அங்க தட்டு” என்று வாயைத் திறக்கக்கூடாது. எனக்கே அது கடினம், உங்களுக்கு இன்னும் கடினமாக இருக்கும்.

பையன் திட்டப்பணியை முடித்துவிட்டான். நான் நேரில் எடுத்துவந்த இரண்டு நூலை வைத்துத்தான் எழுதினான். கிராணி ஐயாவின் நூலில், தாத்தா இருந்த தோட்டத்தின் பெயர் ஓரிடத்தில் வருகிறது. அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போய்த் தாத்தாவிடம் காட்டினானாம். தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, “இந்த ஆளு அரை நாள் பேர (கூலிக் கணக்கை) வெட்டிருவான்” என்றாராம்.

இப்படிக்கு,
ஒரு தமிழ்ப்பள்ளி நூல்நிலையப் பொறுப்பாசிரியை,
செபராங் பிறை, பினாங்கு

பி.கு.: இத்துடன் ஒரு தாளை இணைத்திருக்கிறேன். பையன் தாத்தாவிடம் கேட்டுக் கேட்டு எழுதிய தோட்டச் சொற்கள், மொத்தம் முப்பத்தொன்று, பக்கத்தில் அவன் எழுதிய பொருள். பதினேழாவதில் எழுத்துப் பிழை இருக்கிறது, திருத்த வேண்டாம். தாத்தா அப்படித்தான் சொல்வார் என்கிறான்.